ஐந்தாவது முறை விழுந்த கைரேகை

"பணம் போனா போவட்டும்மா. நான்தான் எடுத்தேன்னு எங்க வூட்டுக்காரரே நம்புறாரு. அதான் தாங்கல" என்று நதியா சொன்னதும் மோகன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஒடுகத்தூரில் அவர் வீட்டுக்கு வழக்கு என்று ஒன்று வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் மனைவி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் நீலாவதியோ, வந்தவளுக்கு மோரைக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நதியா ஜவ்வாது மலைக்காரி. கணவன் சின்னராஜ் எட்டு மாதம் முன்பு புளியமரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்தவன். அன்றுமுதல் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன், மளிகை, மருந்து எல்லாம் அவள் தலையில். புளி விற்ற நாற்பதாயிரத்தைத் தவணைக்காக அவன் கணக்கில் போட்டிருந்தாள். கணக்கில் பணம் இல்லை என்று தவணை திரும்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. போன மாதம் ஒரே நாளில், நாலு தடவையாக, சின்னராஜின் கைரேகையை வைத்தே யாரோ எடுத்திருந்தார்கள். வங்கியில் எழுதிக் கொடுத்தாள், பதில் இல்லை.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சு?" என்றார் நீலாவதி.

"காலைல பேங்க் ஏஜென்ட் கலையரசன் கைரேகை மெஷினோட வூட்டுக்கு வந்து ரெண்டாயிரம் எடுத்துக் குடுத்தாரு. அத்த வச்சிதான் இவர ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வந்தேன். ஊசி போட்டாங்க, தூங்கிட்டாரு. தூங்குறவரு வெரல வச்சி டவுன்லயே எடுத்துட்டேன்னு கொழுந்தனாரு சொல்றாரு."

"போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே?" மோகன் குறுக்கே பாய்ந்தார்.

"மரத்துலேர்ந்து வுழுந்தப்பவே அவர் போனும் ஒடஞ்சி போச்சுங்க."

மறுநாள் மலையேறும்போது மோகனின் சந்தேகம் வளைவுக்கு வளைவு ஆள் மாறியது. முதலில் கொழுந்தன் வெற்றிவேல். பிறகு நதியாவே. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார்.

சின்னராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "அண்ணன் வெரலு அண்ணி கைக்குள்ளதாங்க இருக்குது" என்றான் வெற்றிவேல், யாரும் கேட்பதற்கு முன்பே. நீலாவதி கட்டிலருகே உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மம்பட்டி புடிச்சி எத்தினி நாளாச்சு?"

"வுழுந்ததுலேர்ந்து தொடலீங்க."

நீலாவதி அந்தக் கையை விடவே இல்லை. விசாரிக்க வந்தாளா, நாடி பார்க்க வந்தாளா என்று மோகனுக்குப் பொறுமை போயிற்று.

சொல்லி அனுப்பியதும் கலையரசன் மெஷினோடு வந்தான். மிகப் பணிவான ஆள். "நான் எடுத்தது ரெண்டாயிரம்தாங்க. பாடுபட்ட கை, ரேகை தேஞ்சி போச்சு. நாலு வாட்டி வுழல, அஞ்சாவது வாட்டிதான் வுழுந்துச்சு."

"ஆமாங்க, அஞ்சு வாட்டி வச்சேன்" என்றான் சின்னராஜ்.

அப்படியானால் பழி நதியா மேல்தான் விழும்.

"பாக்கி எவ்ளோ இருக்குதுன்னு பாப்பமே" என்று நீலாவதி சின்னராஜின் கட்டைவிரலை மெஷினில் வைத்தார். ஒரே தடவை. திரையில் மீதித் தொகை வந்து நின்றது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் உடனே விழுந்தது. கலையரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மலையில எல்லார்கிட்டயும் சொல்ற சாக்க இவர்கிட்டயும் சொல்லிட்டப்பா" என்றார் நீலாவதி. "மண்ணுல பாடுபடுறவங்க கை தேயும், நம்பிடுவாங்க. இவரு எட்டு மாசமா படுக்கையில கெடக்குறாரு. கை பஞ்சு மாதிரி இருக்குது, ரேகை பளிச்சுனு தெரியுது. இன்னிக்கு மொத வாட்டியே வுழுந்தது அன்னிக்கு ஏன் வுழல? வுழுந்துச்சு. வுழலன்னு நீ சொன்ன நாலு வாட்டியும் பத்துப் பத்தாயிரமா வுழுந்துச்சு. எந்த மெஷின்ல எடுத்ததுன்னு பேங்க்ல கண்டுபுடிச்சிருவாங்க. அதுக்குள்ள நீயே சொல்லிடு."

கலையரசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "குடுத்துடறேன் மேடம்."

வெற்றிவேல் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "சட்டைய வுடு" என்றார் நீலாவதி. "இந்தக் கேசு ஸ்டேஷனுக்குப் போவும். நீ மொதல்ல ஒங்க அண்ணிகிட்ட பேசு." வெற்றிவேல் சட்டையை விட்டான்.

சின்னராஜ் அழுதான். "தப்பு பண்ணிட்டேன் நதியா."

"எவ்ளோ கட்டுன, எவ்ளோ பாக்கின்னு எட்டு மாசத்துல ஒரு வாட்டியாச்சும் கேட்டியா? திருடுனியான்னு மட்டும் கேட்ட."

தன் வீட்டுக் கடனைப் பற்றித் தானும் நீலாவதியிடம் கேட்டதில்லை என்பது மோகனுக்கு உறைத்தது.

சின்னராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தவணை எப்ப கட்டணும்?" என்றான்.

நதியாவுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் பாயைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அஞ்சாந்தேதி" என்று தொடங்கி, அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.