செண்பகத்தின் விழிப்புப்பை

பையில் முதலில் வைக்க வேண்டியது வாசல் கதவின் படம். போன தை மாதம்தான் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தோம். பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிறவள், இது யார் வீடு என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடக் கூடாது. அப்படி நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அடுத்தது ஸ்கேன் படங்கள். அப்புறம் நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட பூனையின் படம். என் தம்பி பெண்டாட்டி செண்பகத்தின் இடது கையில் இந்த வருஷம் அரிவாள்மனை வெட்டிய தழும்பு ஒன்று இருக்கிறது. அதற்காக அரிவாள்மனையையா பையில் வைக்க முடியும்? அதையும் படம் எடுத்து வைத்தேன்.

அரசாங்கம் இதற்கு விழிப்புப்பை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. நர்சுகளுக்கு அது ரீகால் பேக். பிள்ளைத்துணி, ஃபிளாஸ்க், நாப்கின் எல்லாம் அடியில் கிடந்தால் போதும். கண் விழிக்கிறவளுக்கு, தான் தூங்கப் போவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடந்தது என்று காட்டுகிற சாமான்கள் மேலே இருக்க வேண்டும்.

எங்கள் தலைமுறைப் பெண்களின் உடம்பில் மரத்துப்போகிற மருந்து எதுவும் ஏறுவதில்லை. என்னத்தைத் தின்று வளர்ந்தோமோ, எந்தத் தண்ணீரைக் குடித்தோமோ! முதுகில் போட்டாலும் சரி, மூக்கில் பிடித்தாலும் சரி, வலி நின்ற இடத்தில் நிற்கும். பயந்துபோய்ப் பெண்கள் பிள்ளை பெறுவதையே விட்டார்கள். அப்போதுதான் மறப்பூசி வந்தது. வலியை எடுக்க முடியவில்லை, வலித்த நினைப்பையாவது எடுத்துவிடுவோம் என்று கண்டுபிடித்தார்கள். பெற்று முடித்ததும் போடுவார்கள். தூங்கி எழுந்தால் வலி ஞாபகமே இருக்காது. அதோடு சேர்ந்து அதற்கு முந்திய ஒரு வருஷமும் போயிருக்கும். என் மகனைச் சுமந்த கதை எனக்கே பிறத்தியார் சொல்லித்தான் தெரியும். ஊசி வேண்டாம் என்கிற பெண்ணை எந்தப் பேற்றகத்திலும் சேர்க்க மாட்டார்கள். வலியை மறக்காதவள் வெளியே வந்து நாலு பேரிடம் சொல்லிவிடுவாளாம்.

எதிர்வீட்டுப் பேச்சிக்குப் பை கட்டியவர்கள், பக்கத்து வீட்டோடு அவள் போட்ட சண்டையை எழுதி வைக்க மறந்துபோனார்கள். பேச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேராகப் போய் அந்த வீட்டுக்காரிக்கே பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்குச் சீனி கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளும் வாங்கித் தின்றாள். சண்டை அதோடு முடிந்தது. இப்படி நல்லதும் நடக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது கதவுப் பெயிண்டும் இல்லை, சண்டையும் இல்லை. செண்பகத்துக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அவள் புருஷன், என் கூடப்பிறந்த தம்பி தளவாய், கயத்தாறு பக்கம் காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தபோது வெக்கை தாக்கி விழுந்தான். கீழே இறக்குவதற்குள் போய்விட்டான். வளைகாப்பு வைக்கக் கடையில் வளையல் எடுத்து வைத்திருந்தோம். வாங்கவே போகவில்லை.

அதை எப்படிப் பையில் வைப்பது? பை கட்டிய அன்று காலையில் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தளவாயின் பழைய வேட்டியை மடியில் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். பிறந்த பிள்ளைக்கு முதல் துணி பழைய துணிதான், அது எந்த ஊசி வந்தாலும் மாறவில்லை. செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன டப்பா.

"மைனி, ஒண்ணு கேப்பேன். ஏசக் கூடாது."

"கேக்குததைப் பாத்துட்டு ஏசுதேன்."

டப்பாவைத் திறந்தாள். உள்ளே தாலி இருந்தது. பதினாறாம் நாள் கழற்றி வைத்தது.

"இதை என் கழுத்துல கட்டி விடு."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சுட்டா ஒனக்கு?" என்றேன். கையிலிருந்த துணி நழுவிப் போனது.

"கேளு மைனி. ஊசி போட்டா அவ்வோ செத்தது எனக்கு மறந்துபோயிரும். முழிச்சதும் நீ சொல்லுவே. மறுபடியும் மொதல்லருந்து நான் அழணும். அன்னைக்கு விழுந்து பெரண்டு அழுதேன்லா, அதே அழுகைய இன்னொரு தரம். சரி, அழுவுதேன். ஆனா பிள்ள மொகத்தை அழாம ஒரு தடவ பாத்துக்கிடுதேன். ஒரு மூணு நாள் குடு எனக்கு. அவ்வோ வேலைக்குப் போயிருக்காவன்னு சொல்லு. நாலாம் நாள் உண்மையச் சொல்லிரு."

"பேற்றகத்துக்காரவ சொல்லிர மாட்டாவளா?"

"சாவு நடந்துருக்குன்னு நாம சொன்னாத்தான அவங்க சொல்லுவாங்க? சட்டப்படி முழிச்ச ஒடனே ஒரு அம்மா வந்து உக்காந்து சொல்லிட்டுப் போவாளாம். நாம வாயத் தொறக்காண்டாம். வெறுங்கழுத்தா போனா கேள்வி வரும். தாலியோட போனா யாரு கேக்கப் போறா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் எனக்குத் தம்பி. அவனைச் செத்தவனாக நினைத்துப் பழகுவதற்கே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இப்போது அவனை உயிரோடு இருப்பவனாக வைத்துக்கொண்டு மூன்று நாள் நடிக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நாலு மாதத்தில் அவள் சிரித்தே நான் பார்க்கவில்லை. "திரும்பு" என்றேன்.

கல்யாணத்தில் முதல் முடிச்சு அவன் போட்டான். மீதி இரண்டும் நாத்தனார் போட வேண்டியது, நான் போட்டேன். அவன் கை வேர்த்துப் போட்ட முதல் முடிச்சு அவிழப் பார்த்தது, அதையும் நானே இறுக்கினேன். இப்போது மூன்றையும் நானே போட்டேன். மூன்றாவது சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். அழுதேன்தான், அதில் என்ன வெட்கம்? பிறகு கடைக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்து அவள் கை நிறைய அடுக்கினேன். தளவாய் சிரிக்கிற படம் ஒன்றைப் பையில் மேலாக வைத்தேன்.

வலி எடுத்தபோது வெக்கைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கு ஊதிவிட்டால் சாயங்காலம் வரை தெருவில் யாரும் நடமாடக் கூடாது. ஆளில்லா ஆட்டோகூட பேறுகாலம் என்று சொன்னால்தான் கதவைத் திறக்கும். நான் ஒரு கையில் பையும் மறுகையில் அவளுமாகப் படியிறங்கினேன். பேச்சி ஜன்னலில் நின்றாள். செண்பகத்தின் கழுத்தைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பார்வ? ஜன்னலச் சாத்து, வெக்க வருது" என்று கத்தினேன். சாத்திவிட்டாள். ஆட்டோ ஏறுகிற வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை.

பேற்றகத்தில் சேர்க்கை மேசையில் இருந்த நர்ஸ் சின்னப்பெண். செண்பகம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பெயர் கேட்டாள், இரத்த வகை கேட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர் வரலையா?"

"வேலையில இருக்காவ" என்றாள் செண்பகம். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கடைசியா ஒண்ணு. இந்த ஒரு வருஷத்துல வீட்டுல துக்கம் ஏதாவது நடந்திருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. ஊசி அளவு அதைப் பொறுத்துத்தான்."

எனக்குச் சுரீரென்றது. அளவா? சாவு நடந்த வீடென்றால் சொல்லிவிடுவார்கள் என்றுதானே தெரியும், இது என்ன புதுசாக அளவு? "கொஞ்சம் இருங்க" என்று நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வளையல்கள் என் மணிக்கட்டில் குத்தின.

"ஒண்ணும் நடக்கல" என்றாள். உடனே அடுத்த வலி வந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து அவளைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே அவள் அலறியதெல்லாம் வெளியே கேட்டது. இது அவளுக்கு ஞாபகம் இருக்காது, எனக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். சொன்னால் விழித்ததும் அந்த அம்மா வந்து உட்கார்ந்துவிடுவாள், செண்பகம் கேட்ட மூன்று நாளும் போச்சு. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "பொம்பளப் பிள்ளை, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, தாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மாரியாத்தா, நீதான் காப்பாற்றினாய் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம்தான் டாக்டரம்மா வெளியே வந்தார். நடை சரியில்லை.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"புருஷனோட அக்கா. வடிவு."

"நினைவளவியில முள்ளு ரொம்பக் கீழ இறங்குது. இப்படி இறங்கக் கூடாது. உண்மையச் சொல்லுங்க, துக்கம் நடந்ததா இல்லையா?"

இனி என்ன மறைக்க? "என் தம்பி" என்றேன். "அவ புருஷன். நாலு மாசம் ஆச்சு."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "இதைத்தானேம்மா கேட்டோம்! இந்த ஊசி வலியத் தேடிப் போகும். உடம்பு வலி, மனசு வலின்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. செத்தவரை நினைச்சு அழுதிருந்தா, அழுகையோட அவரையும் சேர்த்துப் பிடுங்கும். சொல்லியிருந்தா பாதி அளவுதான் போட்டிருப்போம்."

"எவ்வளவு போயிருக்கும்?"

"முழிச்சாத்தான் தெரியும்."

"என்னையும் சேத்தா?"

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அவன் இல்லாமல் நான் அவளுக்கு யார்?

செண்பகம் கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பேற்றக அங்கி அவள் கழுத்துவரை மூடியிருந்தது. முதலில் கையில் கிடந்த வளைகாப்பு வளையல்களைப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அதைப் பார்த்தால் போதும், எங்கே படுத்திருக்கிறோம் என்று புரிந்துவிடும். "எனக்குப் பிள்ள பொறந்துருக்கா?" என்று கேட்டாள். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

செண்பகம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தடவினாள், மூக்கைத் தொட்டாள். மூக்கு தளவாயின் மூக்குதான், உரித்து வைத்தது போல இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அழாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாளே, பார்த்துவிட்டாள்.

"செண்பகம்" என்று கூப்பிட்டேன்.

நிமிர்ந்தாள். கோயிலில் பக்கத்தில் வந்து நிற்கிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்க நர்ஸாக்கா?"

பையைத் திறந்து தளவாயின் படத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த கை மேலே வரவில்லை. என்ன சொல்லிக் காட்டுவேன்? இவன் உன் புருஷன் என்றால் எங்கே என்று கேட்பாள். வேலையில் இருக்கிறான் என்று சொன்னால் யாருக்காக அந்தப் பொய்? அவனுக்காக ஏங்க அவளுக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை. அவனை நினைத்து அழ இனிமேல் நான் ஒருத்திதான் என்று தோன்றியதும் எனக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

"ஐயய்யோ, ஏன்க்கா அழுவுதீய?"

"என் தம்பி செத்துட்டான்" என்றேன். மூன்று நாள் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வாய், மூன்று நிமிஷம் தாங்கவில்லை.

அவள் முகம் நிஜமாகவே வாடிப்போனது. அவளுக்கு எப்போதும் இளகின மனசு, எந்த ஊசியாலும் அதை எடுக்க முடியவில்லை. ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி இன்னொரு கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசா?"

"ஆமா."

"பிள்ள குட்டி உண்டா?"

"ஒண்ணு உண்டு. பொம்பளப் பிள்ள."

செண்பகம் உச்சுக் கொட்டினாள். மடியில் சிணுங்கிய குழந்தையை மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பிள்ளையோட அம்மா எப்பிடித்தான் தாங்குதாளோ, பாவம்."