வள்ள மணி

நிலாந்தி ஊர்காவற்றுறையில் வள்ளத்தால் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. துறைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பிள்ளைகள் போதாதென்று அன்றோடு மூடுகிறார்கள். ஊரில் பாதி கனடாவில் போய்ப் படித்தால் இங்கே எப்படிப் போதும்?

வாசலில் ஜெனீற்றா ரீச்சர் காத்து நின்றார்.

“நாளைக்குக் கதவெல்லாம் பூட்டுப்படும் அக்கா,” என்றார் மெதுவாக. “அதுதான் போன் எடுத்தனான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

பிள்ளை என்றது கோபிகாவை. மூன்று வருடங்களுக்கு முன், பள்ளி விட்டு அனலைதீவுக்குத் திரும்பிய வள்ளம் கவிழ்ந்தபோது மற்ற எல்லாரும் கரைசேர்ந்தார்கள். நிலாந்தியின் ஒரே மகள் சேரவில்லை. அதன்பிறகு வகுப்பில் மகள் உட்காரும் கடைசி வாங்குப் பலகை ஒருநாளும் காய்ந்ததில்லை.

நிலாந்தி வகுப்புக்குள் போனாள். உப்பு வாடையும் பாசி வாடையும் மூக்கில் ஏறின. வெளியே அடித்த காற்று உள்ளே வரவில்லை.

“கோபி... அம்மா வந்திருக்கிறன். வா, வீட்டை போவம்.”

வாங்கு அசையவில்லை.

சொட்டு.

மறுபடி ஒரு சொட்டு.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தீவுப் பிள்ளைகள் வள்ளம் பிடிப்பதற்காக அவர்களை முன்கூட்டியே விடுகிற தனி மணி ஒன்று இங்கே உண்டு. “வள்ள மணி அடிக்காமல் எழும்பினியோ, காலை முறிப்பன்” என்று மகளை வெருட்டி வைத்தவளே அவள்தான். வள்ளம் கவிழ்ந்த நாளுக்குப் பிறகு அந்த மணியை யாரும் அடித்ததில்லை.

மகளைக் கடலுக்கு அனுப்பிய மணி. அதைத் தன் கையால் அடிப்பதா? ஆனால் பூட்டிய கட்டடத்துக்குள் பிள்ளையைத் தனியே விட்டுப்போக எந்தத் தாய்க்கு மனம் வரும்?

விறாந்தைக்குப் போய் மணிக் கயிற்றைப் பிடித்தாள்.

அடித்தாள்.

உள்ளே வாங்கு கிரீச்சிட்டது.

சீமெந்துத் தரையில் சின்னச் சின்ன ஈரத் தடங்கள் அவளை நோக்கி வந்தன. ஜெனீற்றா ரீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு விலகி நின்றார். நிலாந்தி அழுதபடியே துறைக்கு நடந்தாள். தடங்களும் பக்கத்தில் நடந்தன.

வள்ளம் ஓட்டும் றொபேட் மன்னாரிலிருந்து புதிதாக வந்தவன். அந்த விபத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். வள்ளத்தில் ஏறிய நிலாந்தியை நிமிர்ந்து பார்த்தான்.

“பிள்ளையை நடுவில இருத்துங்கோ அக்கா. ஓரத்தில இருந்தால் நனைஞ்சு போவா.”

“ஓம் தம்பி,” என்றாள் நிலாந்தி. நடுப்பலகையில் உட்கார்ந்து, பக்கத்து வெற்றிடத்தை முந்தானையால் மூடி அணைத்துக்கொண்டாள்.

வள்ளத்தின் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.