விடுவிளக்கு

இந்த விளக்கு கீழே விழுந்து உடைந்தால்தான் என்ன என்று தர்ஷினி நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் பயந்துபோய், மேசை விளிம்பில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்தாள்.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் ஊதா ஒளி பட்டால் ஒளிப்பசை பிடியை விட்டுவிடும். பசைக்குள் விரல் கோத்ததுபோல் பின்னிக் கிடக்கும் மூலக்கூறுகள் அந்த ஒரு ஒளிக்கு மட்டுமே பிரியும். வெயிலுக்கோ குழல்விளக்குக்கோ அசையாது. நெற்றிப் பொட்டு, கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைமானி, அறுவைக் காயத்தின் கட்டு என்று எல்லாமே இப்போது அந்தப் பசைதான். மருத்துவமனைகளில் ஒளிவாசல் வைத்துவிட்டார்கள். நோயாளி அதற்குள் நடந்தால் கட்டுகள் தாமாக உதிர்ந்து கூடையில் விழும். கட்டுப் பிரிக்கும் நர்ஸ் என்று யாரும் இல்லை.

தர்ஷினியின் மகள் நிறைமதி போன்றவர்களுக்காகத்தான் முதலில் அதைச் செய்தார்கள். நிறைமதிக்குப் பிறவியிலேயே தோல் ஒட்டாத நோய். உரசினால் கொப்புளம், கொப்புளம் உடைந்தால் புண். பன்னிரண்டு வயது வரை மாலைதோறும் தர்ஷினி அவளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, புண்ணில் ஒட்டிய துணிக்கட்டை நனைத்து நனைத்து ஓரம் ஓரமாகப் பிரிப்பாள். இரண்டு மணி நேரம் ஆகும். வலி தெரியாமலிருக்க இருவரும் வம்பு பேசச் சொந்தக்காரர்களைப் பிடித்துக்கொள்வார்கள். முழங்காலுக்குப் பெரியம்மா, முதுகுக்குச் சித்தப்பா. முதுகு பெரிய இடம். சித்தப்பாவைப் பற்றிப் பேசவும் நிறைய இருந்தது. கடைசிக் கட்டு வரும்போது பேச்சு நின்றுவிடும். நிறைமதி அம்மாவின் தோள் துணியைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

பிறகு டாக்டர் கனிஷ்கா வந்தாள், பசையைக் கண்டுபிடித்தவள். விளக்கைப் பிடித்துப் பத்து எண்ணினாள். கட்டு சருகுபோல விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டு நிறைமதி சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பைத் தர்ஷினி அதற்குமுன் கேட்டதில்லை. தன்னால் ஒருநாளும் வரவழைக்க முடியாததை எவளோ ஒருத்தி பத்து எண்ணுவதற்குள் வரவழைத்துவிட்டாள். தர்ஷினி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தபோது, விளக்கைப் பிடித்திருந்த அந்த நீண்ட விரல்கள் நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. குழந்தைக்கு வலிக்காமல் போனதற்கு எந்தத் தாய்க்காவது வயிறு எரியுமா? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

விளக்குப் பிடிக்கக்கூட அவள் தேவைப்படவில்லை. முதுகுக்கு நிறைமதி கண்ணாடி வைத்துக்கொண்டாள். வளர்ந்து, கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். இப்போது விடுமுறைக்கு வந்தும், கூடத்தில் உட்கார்ந்து கனிஷ்காவோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாய்க்கு வாய் அக்கா, அக்கா.

பேசி முடித்ததும் தர்ஷினி கேட்டாள். "என்னவாம் உங்கக்காவுக்கு?"

"ஏம்மா மாமியார் மாதிரி கேக்குற?"

"நான் ஒண்ணும் கேக்கல தாயே."

"அடுத்து வெளக்கே வேணாமாம். 'விடு'ன்னு சொன்னா போதுமாம், பசை விட்ருமாம்."

"நல்லதாப் போச்சு. இனி யார் கையும் வேணாம், வீட்டுப் பக்கம்கூட வர வேணாம் நீ."

நிறைமதி பையைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்தாள். பழைய கட்டுத்துணி. கடைகளில் அது இல்லாமல் போய் வருடங்களாகின்றன. பேருந்தில் இடித்துப் புண்ணான முழங்கையை நீட்டினாள்.

"இத வச்சுக் கட்டிவிடும்மா."

"பைத்தியமாடி? ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். நாளைக்கு சாயங்காலம் நீ தொட்டில வச்சுப் பிரிச்சுவிடு."

"எதுக்குடி இப்ப?"

"ஹாஸ்டல்ல ஒளிவாசல் இருக்கும்மா. உள்ள போறேன், வெளிய வரேன், முடிஞ்சிருது. என் தோலப் பாத்து யாரும் கிட்ட வரமாட்டாங்க, அது பழகிருச்சு. அக்காகூட தள்ளி நின்னுதான் வெளக்குப் பிடிப்பாங்க. முன்னாடி நீயாவது தொடுவ." உடனே சிரித்துச் சமாளித்தாள். "சித்தப்பா வேற தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பிச்சிருக்காரு. இதெல்லாம் போன்லயா பேச முடியும்?"

சுருள் தர்ஷினியின் கைக்கு வந்திருந்தது. விரல்கள் தாமாகவே துணியின் நுனியைத் தேடி எடுத்துவிட்டன. நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். தள்ளி நின்றுதான் பிடிப்பாளாம்! இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான். நாளை மாலை, வெந்நீர், இரண்டு மணி நேரம். கடைசியில் தோள் துணியைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

அந்த அழுகை வரை தான் ஆசைப்பட்டுவிட்டது உறைத்ததும் கை நின்றது.

வலிக்காத உடம்பைத் தொடக்கூடாது என்று கனிஷ்கா சொல்லவில்லை. விளக்கும் சொல்லவில்லை. தொட்டியைக் கவிழ்த்தது யார்? இந்தப் பெண் தொடுவதற்குக் கூலியாகத் தன் தோலையே கொண்டுவந்து நீட்டும்படி வைத்தது யார்?

தர்ஷினி துணியை மறுபடி இறுகச் சுருட்டினாள். ஒளிப்பசைக் கட்டு ஒன்றை எடுத்து மகளின் முழங்கையில் வைத்தாள். அழுத்தாமல் ஓரங்களைப் பதித்த விரல்களை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கேட்டேன்ல?"

"கேட்டுச்சு," என்றாள் மெதுவாக. "அந்தத் துணி மட்டும் வேணாம்."