இருவராகத்தான் போக வேண்டும்

“உள்ள வான்னா வா. மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது—”

“வர மாட்டேன்க்கா. கூட ஒரு ஆள் இல்லாம நான்—”

“நான் ஆள் இல்லையா?”

“நீ நோயாளியோட பொண்டாட்டி. குழுவுக்குத் தலைவியா இருக்கலாம், ஆனா இந்த வீட்டுக்கு வர்ற ஜோடியில நீ இல்ல. நீ வாசிச்ச பட்டியல்தான்.”

“சொந்த அத்தானைப் பார்க்க வர்றதுக்கு இவளுக்கு ஜோடி வேணுமாம். பரதநாட்டியமா ஆடப் போறே?”

“தபாலக்காவை அடக்கம் பண்ணின அடுத்த செவ்வாய்க்கிழமை நீ என்ன வாசிச்சே? அதை மட்டும் சொல்லு.”

“ஒழுங்காத்தான் வாசிச்சேன். நான் எப்பவும் ஒழுங்காத்தான் வாசிப்பேன்.”

அக்கா முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். எங்கள் சர்ச் பங்கில் எல்லோருக்கும் அவள் பெரிய டீச்சர். கரும்பலகையில் தவறாக எழுதிவிட்டாலும், “யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு பார்த்தேன்” என்று சொல்லியே ஓய்வு பெற்றவள். நான் அவளுக்கு ஆறு வருடம் இளையவள், தையல்காரி. கோவிலின் நோயாளி சந்திப்புக் குழுவில் இருவரும் இருக்கிறோம். எட்டுப் பெண்கள், நான்கு ஜோடி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கோவிலை ஒட்டிய அறையில் கூடுவோம். படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய் ஜெபம் சொல்லி, கொஞ்சம் பேசிவிட்டு வருவதுதான் வேலை.

விதி ஒன்றுதான். தனியாக யாரும் போகக் கூடாது. இருவராகத்தான் போக வேண்டும்.

ஒன்பது வருடம் எனக்கு ஜோடி தபாலக்கா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவள். விலாசம் பாதி அழிந்த உறையைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை, உரியவரைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாளாம். குழுவிலும் அப்படித்தான். சளி, காய்ச்சல், சொந்த வீட்டு விசேஷம் எதுவும் அவளை நிறுத்தியதில்லை. நோயாளியின் கட்டிலருகே நாற்காலியைக் கிரீச்சென்று இழுத்து, தன் முழங்கால் மெத்தையில் இடிக்க உட்கார்வாள். முதல் கேள்வி, “தூங்கினீங்களா?” இரண்டாவது, “சாப்பிட்டீங்களா?” அப்புறம்தான் மற்றதெல்லாம்.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் அவள் இறந்துபோனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜோடிகளை வாசிக்கிற முறை. வருடத்துக்கு ஒருமுறை ஜோடி வாசிப்பாள் அக்கா. வீடுகள் மட்டும் வாராவாரம் மாறும். வாசிக்கப்பட்டவர்கள் “சரி” என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடப் பழக்கத்தில் அக்காவின் வாய் தானாக வாசித்தது: “என் தங்கச்சி, கூட தபாலக்கா.”

யாரோ இருமினார்கள். அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். பெரிய டீச்சரை யார் திருத்துவது? நான் “சரி” என்றேன்.

என் பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னொரு “சரி” வந்தது.

பின்வரிசையில் யாரோ சொன்னதாக நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரம் தச்சர் மனைவி வீட்டுக்குத் தனியாகத்தான் போனேன். ஒருத்தி குறைந்துபோன குழுவில் எனக்கு யார் மிச்சம்? ஜெபம் முடித்து எழுந்தபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்தாள்.

“அடுத்த தடவை அந்த அக்காவைச் சொல்லச் சொல்லும்மா. நீ ஜெபத்தைத் தையல் மிஷின் மாதிரி ஓட்டுற.”

“எந்த அக்கா?”

“உன் கூட வந்தவங்க. என்னோட வர்றீங்களான்னு கேட்டாங்க. இவ்வளவு அன்பாக் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது? சரின்னுட்டேன்.”

சனிக்கிழமை அந்த அம்மாளுக்குச் சாவு மணி அடித்தார்கள். வயது எண்பத்தாறு, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்து ஒரு காவலாளி. அவரும் அதையே சொன்னார்: கேட்டாங்க, சரின்னுட்டேன். நான்கே நாள், அவருக்கும் மணி. மூன்றாவது, பாட்டு டீச்சர். அவளுக்கு வயது ஐம்பதுகூட இல்லை. இடுப்பெலும்பு முறிந்து, தேறி, அடுத்த மாதம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டே நாள்.

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தபாலக்காவுக்காக ஒரு பூசை வைத்தார். பூசையில் எனக்கு இடப்பக்கம் இடம் காலியாகவே இருந்தது. கூட்டமான பூசை அது. வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்து, “ஓ, ஆள் இருக்கு” என்று தலையசைத்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.

அதன் பிறகு முழங்கால் வலி என்று சொல்லி இரண்டு வாரம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மூன்றாம் வாரம் வரிசைப்படி அடுத்த வீட்டை அக்கா வாசித்தாள். அவள் வீடு. அத்தான்.

அத்தான் பஸ் ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. பசிக்குதா என்றால், சரி. வலிக்குதா என்றால், சரி. டாக்டர் வந்து, “என்ன சார், ஓடிப் போயிடலாமா?” என்று கேட்டதற்கும், சரி. மூளையில் அந்த ஒரு சொல் மட்டும் தப்பிவிட்டது என்றார் டாக்டர்.

எதைக் கேட்டாலும் சரி.

அதனால்தான் வர மாட்டேன் என்றேன். அக்கா போனில், “வராட்டி இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல” என்றாள். நேரில் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று அவள் கட்டிட வாசல்வரை போனேன்.

தனியாகப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

“நீ வாசிச்சதை மாத்தி வாசிச்சிடுக்கா,” என்றேன். “உன் கால்ல விழறேன். வேற ஆளைப் போடு.”

“நான் அப்படி வாசிக்கவே இல்லைன்னு சொல்றேன். செத்தவ பேரை வாசிக்க எனக்கென்ன பைத்தியமா?”

“படியில நிக்காதே, மேல போ. அவர் தனியா இருக்கார். நான் கிளம்பறேன்.”

“போயேன். யார் தடுத்தா?”

கீழ்த்தளத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“டீச்சர், சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. உங்க தங்கச்சியோட வந்த அம்மா பாவம், தனியா மேல ஏறிப் போறாங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா. வயசானவங்களுக்கு ஒரு கை கொடுக்கக் கூடாதா?”

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மணி நாலு. வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக மூன்றாவது படிவரை விழுந்திருந்தது. தெருவில் யாரோ ஒரு கதவை ஏற்றிக் கடை திறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில், மேலே, அக்காவின் வீட்டுக்குள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

கிரீச்.

ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம்.

“நீ இங்க இருக்கே,” என்றாள் அக்கா மெதுவாக. “நானும் இங்க இருக்கேன்.”

பிறகு ஓடினாள். எழுபது வயதுக்காரி, இரண்டிரண்டு படியாக. நான் பின்னால் ஓடினேன். முதல் திருப்பத்திலேயே வாசனை வந்துவிட்டது. கடித உறையை நாக்கால் ஈரப்படுத்தினால் எழுமே, அந்தப் பசை வாசனை. அதோடு முத்திரை மை. ஒன்பது வருடம் பஸ்ஸில் என் தோளோடு தோள் இடித்து வந்த வாசனை. பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னால் பொய். ஒரு நொடி எனக்கு அழுகை வந்தது.

கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே அத்தானின் குரல் கேட்டது.

“சரி.”

கேள்வி காதில் விழவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: தூங்கினீங்களா.

அக்கா கூடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூட விடவில்லை.

“சரி.”

சாப்பிட்டீங்களா.

“அக்கா, அடுத்த கேள்வி ‘வர்றீங்களா’தான்,” என்றேன். “அடுத்தது அதுதான்க்கா.”

அறையில் யாரும் இல்லை. சுவரோரம் இருக்க வேண்டிய மர நாற்காலி கட்டிலை ஒட்டி நின்றது. மெத்தையின் விளிம்பு ஓர் இடத்தில் மட்டும் குழிந்திருந்தது, முழங்கால் அழுத்துகிற உயரத்தில். அத்தான் தலையணையில் முகத்தைத் திருப்பி, நாற்காலிக்குச் சற்று மேலே, உட்கார்ந்திருப்பவரின் கண் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்.

அவர் உதடு பிரிந்தது.

அக்கா பாய்ந்து தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். நாற்பத்தைந்து வருடம் அந்த மனிதரைப் பேசவிடாத பெண் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் கைக்குக் கீழே அவர் தொண்டை அந்தச் சொல்லைச் சொல்லப் பார்த்தது. கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

“என்னடி செய்யணும்?”

“நீதான் வாசிச்சே. நீதான் எடுக்கணும். அவ நம்ம பேச்சைக் கேட்க மாட்டா, பட்டியலைத்தான் கேட்பா.”

“எல்லார் முன்னாடியும் வாசிச்சது. இங்க சொன்னாப் போதுமா?”

“யாருக்குக் கேட்கணுமோ அவ இங்கதான் இருக்கா.”

மெத்தையின் குழி இன்னும் ஆழமானது. நாற்காலி அரை விரல் முன்னால் நகர்ந்தது.

அக்கா நிமிர்ந்தாள். ஒரு கை அவர் வாயில் இருந்தபடியே மறு கையால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். வகுப்பில் நிற்பதுபோல நின்றாள். அவள் வாயிலிருந்து நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத வார்த்தைகள் வந்தன.

“நான் தப்பா வாசிச்சுட்டேன்.”

நாற்காலி அப்படியே நின்றது.

“அன்னிக்கே தெரியும். வாசிச்ச உடனேயே தெரியும். மாத்தினா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன். மூணு பேரை…” கனைத்துக்கொண்டாள். “திருத்தி வாசிக்கிறேன். என் தங்கச்சி, கூட நான். இந்த வீடு எங்க ரெண்டு பேருக்கு. தபாலக்காவுக்கு இந்த வீடு இல்ல.”

“சரி,” என்றேன் நான். சொல்ல வேண்டும் அல்லவா.

மெத்தை மெல்ல மேலெழுந்து சமமானது.

நாற்காலி பின்னால் போனது. இழுத்துக்கொண்டு அல்ல; வந்த விருந்தாளி எழுந்து, இரு கையால் தூக்கி, சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைப்பதுபோல, சுவரோரம் போய் நின்றது. பசை வாசனை மெலிந்தது. தெருச் சத்தம் மறுபடி உள்ளே வந்தது. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓட ஆரம்பித்தது.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

“போயிட்டாளா?”

“போயிட்டான்னு நினைக்கிறேன்.”

“பாவம்டி. வேலை கொடுத்தா வந்தா. அவ மேல தப்பே இல்ல.”

“கையை எடுக்கா. அவருக்கு மூச்சு முட்டும்.”

அக்கா கையை எடுத்தாள். விரல் தடம் நான்கும் அத்தானின் கன்னத்தில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதை அவள் முந்தானையால் நீவிவிட்டாள்.

“வலிச்சுதாங்க?”

அவர் ‘சரி’ சொல்லவில்லை.

தலையைத் திருப்பி, கதவு நிலையைப் பார்த்தார். அங்கே நிற்கிற ஒருவர் பேசுவதைக் கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டார். புரிந்ததற்கு அடையாளமாக ஒருமுறை தலையசைத்தார். பிறகு, ஏழு மாதத்தில் முதல்முறையாக, குழறாமல், ஒவ்வொரு சொல்லாக, பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்:

“இந்த வீடு இல்லன்னா வேற யார் வீடுன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, டீச்சர். ஒரு பேரைச் சொல்லு.”