முனையில் கறுப்புத் தூள்

உச்சி வெயிலில் தங்கை வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான் மெக்கானிக். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவன் பிழைப்பு. தங்கைக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மூச்சு விடவும் ஒரு கருவி வேண்டும். அது நின்றால் சில நிமிடங்கள்கூடத் தாங்க மாட்டாள். அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து அது விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. அம்மா போனதற்கு அவன் இன்னும் அழவில்லை. எதுவும் வரவில்லை.

"ஊர்ல இருக்கற மிஷினெல்லாம் உன் பேச்சைக் கேக்குது. இது மட்டும் உன்னை மதிக்க மாட்டேங்குதேண்ணா," என்றாள் தங்கை, மூச்சு முகமூடிக்குள்ளிருந்து.

கருவிக்கு மின்சாரம் வரும் சுவரோர இணைப்பை ஒரு நொடி உருவிப் பார்த்தான். போன வாரம்தான் மாட்டிய புது பிளக் பின். அதற்குள் முனையில் கறுப்புத் தூள். மயிரிழை அளவு ஓயாமல் அசைந்தால் போதும்; உலோகம் உரசி உரசிப் பொடியாகி மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஆனால் கருவியின் அதிர்வு எட்டாதபடி இணைப்பைச் சுவரோடு இறுக்கி வைத்தது அவனேதான். மின்விசிறிகூட ஓடவில்லை.

பின்னைச் செருகி, விரல் வைத்துப் பார்த்தான்.

அசைந்தது.

லேசாக, விடாமல். கூடவே அவன் விரல்களின் மேல் சில்லென்று வேறு விரல்கள் அழுத்தின. துணி சோப்பு வாசனை வந்தது.

அம்மாவின் கை.

அவனுக்குப் பயம்கூட வரவில்லை. செத்தும் மகளை விட மனசில்லாமல் ஒயரைப் பிடித்து ஆட்டுகிறாள், அவ்வளவுதான். இந்தப் பாசமே தங்கையைக் கொன்றுவிடும் என்று நினைத்தான்.

"போதும்மா," என்று முணுமுணுத்தான். "கைய எடு. நான் பாத்துக்கறேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தக் குளிர் விலகியது.

அசைவு நிற்கவில்லை.

பலமானது.

கருவி விக்கி நின்றது. அவன் பாய்ந்து பின்னை அழுத்தினான், மறுபடி ஓடியது. தங்கை மூச்சு வாங்கினாள்.

"அம்மாவ ஏண்ணா போகச் சொன்ன?"

"அவங்கதான ஆட்டினாங்க."

"இல்ல. அம்மா இத்தனை நாளும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப ஆட்டறது யாரு?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா, வாம்மா," என்று கூப்பிட்டான். யாரும் வரவில்லை. பின்னை விட்டுவிட்டு எழவும் வழியில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப் போயின. தான் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கருவியின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சுவரோரம் ஒயர் அவசரமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.