பழியை யானை மேல் போடு!

1

"ஐயோ... சாமீ...!"

காலை ஆறே முக்கால். தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. புல் அறுக்க வந்த ராசாத்தாள், அரிவாளைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

மோட்டார் ரூமுக்குப் பத்தடி தள்ளி, வாய்க்காலில் குப்புறக் கிடந்தான் தோப்புக்காரன் தனபால்.

முப்பத்தெட்டு வயது. பின்மண்டை பிளந்திருந்தது.

மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தென்னைகளுக்குச் சிவப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது தண்ணீர்!

ஏழரைக்குள் ஊர் கூடி ஒரே குரலில் சொல்லிவிட்டது.

"யானைதானுங்க! தூக்கி அடிச்சுப்போட்டுப் போயிருக்குது!"

முறிந்த கன்றுகள்... குண்டான் அகலத்துக்குக் கால்தடங்கள்... யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தம்பிதுரைக்கு வந்தது. ஒரு தடத்தின் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணைச் சுரண்டினார்.

"ஏனுங்கம்மா... யானை எப்பங்க வந்துச்சு?" ராசாத்தாளைக் கேட்டார்.

"முந்தாநேத்துங்க. அப்புறம் வெடி போட்டுத் தொரத்துனாங்க. இந்தப் பக்கமே வரலீங்க."

"அதானே... தடம் காஞ்சு வெடிச்சுக் கெடக்குது."

பிணத்தின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பர்ஸ் இருந்தது. செல்போன் இல்லை.

கான்ஸ்டபிளை நிமிர்ந்து பார்த்தார்.

"யானை வாழை திங்கும்... தென்னங்குருத்துத் திங்கும்... செல்போன் திங்குமாய்யா?"

2

அதே நாள். காலை பத்தேகால்.

பீளமேட்டில், வக்கீல் லோகப்பிரியா ஒன்பதாவது தடவையாக அந்த நம்பரை அடித்தாள்.

ஸ்விட்ச்டு ஆஃப்!

"வருவாரா?" எதிர் நாற்காலியில் இருந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஷிரின் அக்தர். பங்களாதேஷில், டாக்காவை ஒட்டிய ஓர் ஊரில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பதினான்கு மாதங்களுக்கு முன், அவள் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பாய்லர் வெடித்தது. நான்கு மாடிகள் சரிந்தன. அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் அறுபத்தொரு பேர்.

இடிபாட்டில் கிடைத்த பாய்லர் தகட்டில் மூன்று சொற்கள்தான் மிச்சம் இருந்தன.

குமரமங்கை பாய்லர்ஸ். கோயம்புத்தூர்.

தோப்புக்காரன் தனபாலுக்கு அங்கேதான் டெஸ்டிங் இன்ஜினீயர் வேலை. சேஃப்டி வால்வு டெஸ்டில் ஃபெயில் என்று அவன்தான் ரிப்போர்ட் எழுதினான். முதலாளி குமாரசாமி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாஸ் என்று வேறொன்று தயார் செய்து பாய்லரைக் கப்பலில் ஏற்றினார்.

ஆனால் ஒரிஜினல், தனபாலிடம் பத்திரமாக இருந்தது. பதினான்கு மாதம் தூக்கம் கெட்டு, கடைசியில் இன்று பத்து மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

போன் அலறியது. லோகப்பிரியா பாய்ந்து எடுத்தாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் தம்பிதுரை பேசறனுங்க. தனபால் உங்களப் பாக்க வர்றதா இருந்தாருன்னு அவரு சம்சாரம் சொன்னாங்க. எதுக்குங்க?"

"வர்றதா 'இருந்தாரு'ன்னா... என்ன சார் அர்த்தம்?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

லோகப்பிரியாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தாள் ஷிரின். அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பதினான்கு மாதமாக அவள் பார்த்துப் பழகிய முகம் அது.

3

மறுநாள் மாலை நாலு மணி. கருமத்தம்பட்டி.

குமரமங்கை பாய்லர்ஸ் கேட்டுக்கு எதிரே இரங்கல் கூட்டம். ஃப்ளெக்ஸ் பேனரில் தனபால் சிரித்தான். பக்கத்தில், 'பங்களாதேஷில் பலியான 61 தொழிலாளர்களுக்கு வீரவணக்கம்'.

எல்லா ஏற்பாடும் யூனியன் செயலாளர் ஆறுச்சாமியுடையது.

ஐம்பத்தைந்து வயது மனிதர். பாய்லர் வெடித்த வாரமே மெழுகுவத்தியோடு ரோட்டில் நின்றவர். விசைத்தறி லூம் லூமாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவர். ஷிரினை இந்தியாவுக்கு வரவழைத்ததே அவர்தான். ஐந்து நாளாக அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அவர் மனைவி அவளை 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் ஆறுச்சாமி கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மணி... தனபாலு தம்பி போனதோட எல்லாம் போச்சுங்க. அந்தப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது?"

பிறகு அவரே ஷிரின் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்தார். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

"சிஸ்டர்... சிக்ஸ்டி ஃபோர் லைஃப்! ஐ கிரை டெய்லி, சிஸ்டர்!"

ஷிரின் தலையை ஆட்டினாள். அவர் நகர்ந்த அடுத்த விநாடி, லோகப்பிரியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அறுபத்து நாலு என்று சொன்னார்!"

"வாய் தவறியிருக்கும்..."

"இல்லை! அறுபத்து நாலுதான் உண்மை. பதிவேட்டில் இல்லாத மூன்று பெண்கள். பதினாலு வயது. ஒருத்தி என் தங்கை ரூனா. டாக்காவில் ஓர் அதிகாரியிடம் அவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். மறுநாளே ஃபைலைக் காணோம். அதனால் இங்கே யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடம்கூட!"

"அப்ப யார்கிட்டச் சொன்னீங்க?"

"ஒருவரிடம்தான். 'அறுபத்தொரு பேர் கனவில் வருகிறார்கள்' என்று தனபால் மெசேஜ் அனுப்பினார். 'அறுபத்து நாலு' என்று பதில் போட்டேன். அது அவர் செல்போனில் மட்டும்தான் இருக்கும்!"

லோகப்பிரியா மெதுவாகத் திரும்பினாள்.

தூரத்தில் ஆறுச்சாமி, தனபாலின் படத்துக்குச் சரிந்த மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

4

அன்றே மாலை ஏழு மணி. ஸ்டேஷனில் தம்பிதுரையின் கேள்விகளுக்கு ஆறுச்சாமி இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னானுங்க... 'அண்ணா, நாளைக்கு ரிப்போர்ட்டக் குடுத்துடப் போறேன்'னு. விடிகாலம் தோப்புக்குப் போயிக் கெஞ்சுனனுங்க சார். கம்பெனிய மூடிப்போடுவாங்க கண்ணு, நானூறு குடும்பம் தெருவுக்கு வந்துரும்னு. கேக்கலீங்க. மோட்டாரப் போட்டுட்டு, முதுகத் திருப்பிட்டு வாய்க்காலப் பாக்கப் போனான். பக்கத்துல பைப்பு கெடந்துச்சு..."

"செல்போன எதுக்குய்யா எடுத்த?"

"அதுலயும் ரிப்போர்ட்டு இருக்குமோன்னு பயமுங்க. அவன் வெரல வச்சே தொறந்து பாத்தனுங்க. இல்லீங்க. அந்தப் புள்ள அனுப்புனதுதான் இருந்துச்சு. நொய்யல் ஆத்துல வீசிட்டேன்."

"ஒரிஜினல் ரிப்போர்ட்?"

"அவன் வண்டிப் பெட்டியில இருந்துச்சுங்க. கம்பெனி அடுப்புல போட்டு எரிச்சுப்போட்டனுங்க."

சுவரோரம் நின்ற லோகப்பிரியா இரண்டடி முன்னால் வந்தாள். அறுபத்து நாலு பேருக்கு இருந்த ஒரே காகிதம்!

"குமாரசாமி சொல்லித்தானே செஞ்சீங்க?" கத்தினாள்.

"சத்தியமா இல்லீங்க அம்மணி! மொதலாளிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அந்த ஊரு சனத்துக்கு நான் அழுதது பொய்யில்லீங்க. நெசமாலுமே அழுதேன். ஆனா... இங்க நானூறு அடுப்பு எரியோணுமல்லங்க? அதக் காப்பாத்திப்போட்டேன். அது போதுமுங்க எனக்கு."

அப்போதுதான் வேகமாக உள்ளே வந்தான் கான்ஸ்டபிள்.

"சார்... கருமத்தம்பட்டியில ரோடு மறியல்! பாய்லர் கம்பெனி கேட்ல இப்பத்தான் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இன்னியோட கம்பெனி மூடல்! இடத்த ரெண்டு மாசம் முன்னயே வித்துட்டாருங்களாம். மெஷினெல்லாம் குஜராத் போகுது. அங்க மருமக பேருல புதுக் கம்பெனியாம்!"

"குமாரசாமி?"

"காலைல ஃப்ளைட்டுல துபாய் போயிட்டாருங்க!"

ஆறுச்சாமி கை விலங்கையே வெறித்துப் பார்த்தார்.

"ரெண்டு மாசமாவா..." என்றார் ஒருவழியாக. "அப்ப நான் யாருக்காகங்க...?"

அந்தக் கேள்வியை முடிக்க அவருக்குத் தைரியம் இல்லை.

5

ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள் ஷிரின். ராத்திரி பஸ்ஸில் சென்னை. அங்கிருந்து டாக்கா. துணிப்பை தோளில் இருந்தது. அதில் மூன்று பெண்களின் போட்டோ.

"குமாரசாமி மேல கேஸ் போட முடியாதுங்களா சார்?" கேட்டாள் லோகப்பிரியா.

"எத வச்சுங்க மேடம்? காகிதம் சாம்பலு. சாட்சி பொணம். கொலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லைன்னு கொன்னவனே சத்தியம் பண்றான்."

"பதினாலு மாசம் சார்! ரெண்டு நாடு சேந்து இழுத்தும், இங்க அரெஸ்ட் ஆனது இந்த ஒரே ஆள்தானா?"

தம்பிதுரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

லோகப்பிரியா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஷிரின் அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வருத்தப்படாதீர்கள் சிஸ்டர்... எங்கள் ஊரில் பாய்லர் வெடித்ததற்குக் கைதானது ஃபேக்டரி வாட்ச்மேன் மட்டும்தான். நீங்கள் யூனியன் செயலாளர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். முன்னேறிய ஊர்தான்!"