ஆறாவது வீட்டு வாசல்

காலை ஆறரைக்குத் தெருவின் கூரை விளக்குகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறும். குலசை வளையத்தின் அறுபத்துநான்கு வீடுகளிலும் கதவு திறக்கும். வீட்டுக்கு ஒருவர் வாசலுக்கு வந்து ஒருமுறை குதிப்பார்கள். வளையம் ஒழுங்கான வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க முதல் குடியேறிகள் தொடங்கிய பழக்கம் அது. விண்வெளியில் மிதக்கும் ஊருக்குச் சுற்றினால்தான் எடை. பூமியில் ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிற உடம்பு இங்கே இருபத்துமூன்று கிலோவாக மெல்ல இறங்க வேண்டும். குதித்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடை தள்ளிப் பாதம் படவேண்டும். இரண்டும் சரியென்றால் வளையம் நலம்.

பதினேழாம் எண் வீட்டுப் பியூலா குதித்தாள். எடை சரி. விரற்கடை தள்ளி இறங்கியதும் சரி. இறங்கிய இடத்தில்தான் அது கிடந்தது.

"சவத்த எழவு! இன்னைக்குமா?" என்று ஒற்றைக்காலில் நின்றாள். உள்ளே பாயில் படுத்திருந்த அவளுடைய நாய் கருப்பட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதுபோல் மறுபடி படுத்துக்கொண்டது.

தொடர்ந்து எட்டாவது நாள். பியூலா அந்த ஊரின் தூய்மைப் பொறியாளர். மனிதர்களின் வியர்வையைக் குடிநீராக்குவாள். அடுப்புப் புகையைக் கீரைக்கு உரமாக்குவாள். தன் வாசலில் தினமும் எந்த நாய் வந்து போகிறது என்பதை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குலசை வளையத்தில் நாய் என்பது செல்லப்பிராணி மட்டுமல்ல. சுவரில் மயிரிழை அளவு விரிசல் விழுந்து காற்று வெளியேறினால் மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய சீழ்க்கை எழும். நாய்க்கு அது கேட்கும். அதனால் வீட்டுக்கு ஒரு கசிவுநாய் கட்டாயம். மூன்று வருடத்துக்கு முன்னால் அரிசிப்பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கருப்பட்டி ஒரு மணி நேரம் விடாமல் குரைத்தது. அதன் பயனாகத்தான் பியூலா இன்றும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கருப்பட்டிக்கு இப்போது ஆபத்து. தாய்நிலையத்துச் சுகாதார ஆய்வாளர் இனாயத்துல்லா முந்தின நாள் வந்து தெருவைச் சுற்றிப் பார்த்தார். வாசலுக்கு வாசல் நாய்க்கழிவு. நடுவில் சத்துக்கூழ் உறைகளும் வாழைப்பழத் தோலும். மூடிய ஊரில் ஒரு கிருமி தண்ணீர்ச் சுற்றில் கலந்தால் அறுபத்துநான்கு வீடும் ஒரே வாரத்தில் படுத்துவிடும். அவர் பத்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் தெரு சுத்தமாகவில்லை என்றால் எல்லா நாய்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, வீட்டுக்கு ஒரு கசிவு கேட்கும் செவிக்கருவி பொருத்துவார்கள்.

முன்பு 'பெருக்கி' என்றொரு எந்திரம் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தது. அது கூட்டும் என்று தெரிந்ததும் மக்கள் அதன் தலையிலேயே தோலை வீசினார்கள். ஆறே மாதத்தில் அது படுத்துவிட்டது. பிறகு தெருச் சங்கம், அவரவர் வாசலை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டது. குடியிருப்புத் தெருவில் கண்காணிப்புக் கேமரா கூடாது என்பது அதைவிடப் பழைய விதி. ஆகவே யார் நாய் என்று தெரியாது; தெரியாததால் யாரும் அள்ளவும் மாட்டார்கள். அள்ளினால் தன் நாய்தான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே! சிலர் சாட்சி அழியாமலிருக்க அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இத்தனை நாள் அருவருத்துத் தள்ளிப்போட்டதைப் பியூலா இன்று செய்தாள்; ஒரு சிட்டிகை எடுத்து மரபுமுத்திரைக் கருவியில் வைத்தாள். வளையத்தின் ஒவ்வொரு நாயின் மரபணுவும் அதில் பதிவாகியிருக்கிறது. பத்து நிமிடத்தில் விடை வந்தது. பதினொன்றாம் எண் வீட்டு ராசா. அதாவது தெருச் சங்கச் செயலாளர் ஆத்திமுத்து வீட்டு நாய். மாதம் ஒருமுறை தூய்மை பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிற அதே ஆத்திமுத்து.

நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, எங்க வாசல்ல கெடக்கது ஒங்க ராசாவோடது."

"எங்க ராசாவா? அவன் வம்சம் என்ன, வளப்பு என்ன! வாய்க்கு வந்ததச் சொல்லாத தாயி."

"நான் சொல்லல அண்ணாச்சி, மரபுமுத்திரை சொல்லுது."

ஆத்திமுத்து மீசையை நீவினார். பிறகு தன் வாசலில் கவிழ்ந்திருந்த வாளியைக் காலால் தள்ளினார். "அப்பம் இது எவன் வீட்டுதுன்னு அந்த மிஷின்கிட்ட கேளு. எட்டு நாளா மூடி வச்சிருக்கேன். எவன்னு மட்டும் தெரியட்டும், சங்கத்துலேர்ந்தே தூக்கிருதேன்."

கேட்டாள். ஐந்தாம் எண் வீட்டு நாய். ஐந்தாம் எண் வாசலில் கிடந்தது அறுபத்துமூன்றாம் எண் வீட்டு நாயுடையது. பியூலா நடந்துகொண்டே போனாள். எங்கே சோதித்தாலும் ஆறு வீடு தள்ளி இருக்கிற நாய்தான் வந்தது. இருபத்துமூன்றாம் எண் வாசலில் சொர்ணம் மைனி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"ஏட்டி பியூலா, ஊருக்கெல்லாம் பாக்கியாமே, எனக்கும் பாத்துச் சொல்லு. அந்த மூதி யாருன்னு தெரிஞ்சா அவ வீட்டுக்குள்ளயே கொண்டுபோய்க் கொட்டுவேன்."

கருவியின் திரையில் எழுத்து வந்தது. பியூலா அதைக் கையால் மறைத்தாள். மைனி கையை விலக்கிப் பார்த்தாள்.

"கருப்பட்டி! ஒன் கருப்பட்டி!"

"இல்ல மைனி... சில நாள் வேலைக்கு நேரமாயிருது பாத்துக்கோங்க..."

"சில நாளா? எட்டு நாளும் ஒனக்கு நேரமாயிட்டோ?"

எட்டு நாளும்தான். ஒவ்வொரு நாளும் அது ஒருநாள்தானே என்று பியூலா நினைத்திருந்தாள். அதே தெருவில் அறுபத்துமூன்று பேர் அதே மாதிரி நினைத்திருப்பார்கள் என்பது தோன்றவில்லை.

வெட்கம் அரைமணியில் ஆறிவிட்டது, கேள்வி ஆறவில்லை. ஏன் ஆறு? ஐந்தாகவோ ஏழாகவோ ஏன் இல்லை? அன்று மாலை தன் வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். வளையத்தில் தெரு முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து ஏறும். நாலு மீட்டர் உயரக் கூரையும் அதோடு சேர்ந்து வளைந்து பார்வையை மறைக்கும். கணக்குப் போட்டாள். நாற்பத்தாறு மீட்டருக்குமேல் தெரியாது. ஒரு வீட்டின் அகலம் எட்டு மீட்டர். ஐந்து வீடு கண்ணுக்குத் தெரியும்; ஆறாவது வாசல் கூரைக்குப் பின்னால் போய்விடும். தன் வாசலிலிருந்து தெரியாத முதல் இடம் அதுதான். தெரியாத இடம் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகத் தோன்றியிருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் போனதற்கும் காரணம் உண்டு. சுழற்சிக்கு எதிராக நடந்தால் எடை இன்னும் குறையும், முழங்கால் வலிக்காது. பூமியிலிருந்து கிளம்பும்போது சாமான் பட்டியலில் எழுதாமல் கொண்டுவந்த பழக்கம், இங்கே வந்து ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

காரணம் புரிந்தவுடன் பியூலாவுக்கு உற்சாகம் பொங்கியது. வளையத்தைக் கட்டிய காலத்தில் சுவர்ப்பலகைகளை இழுத்துப்போவதற்காகத் தெருத்தளம் முழுவதையும் உருளைகள்மேல் அமைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கீரைப்பாத்திகள், நடுவில் ஒரு மோட்டாரால் நகரக்கூடிய தளம். வேலை முடிந்ததும் நாலு தாழ்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள்; இருபது வருடத்தில் அதை எல்லோரும் மறந்தும் போனார்கள். மறுநாள் பியூலா அந்தத் தாழ்களைத் திறந்தாள்.

விளக்கு மாறுமுன்பே தொடங்கும் நாய்நடை ஏழரைக்குள் முடிந்துவிடும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை தளத்தை நாய்கள் வந்த வழியே நாற்பத்தெட்டு மீட்டர் பின்னோக்கி நகர்த்தினாள். நிமிடத்துக்கு நாற்பது சென்டிமீட்டர்; ஒரே சாம்பல் நிறத் தளம்; கால் வைத்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. ஆறு வீடு தள்ளி விட்டுவந்தது ஒன்பதரைக்கு விட்டவர் வாசலிலேயே வந்து நின்றது.

அன்று மாலை சோதனைக்கு நீண்ட வரிசை. ஆத்திமுத்து முதல் ஆள். விடையைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மிஷின் கெட்டுப்போச்சோ தாயி?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தெருதான் நகந்துட்டு." சங்கக் கூட்டத்திலும் அதையே விளக்கமாகச் சொன்னாள்.

இரண்டு நாள் தெரு கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பியூலா வாசலில் மறுபடி ஒன்று. சோதித்தாள். சொர்ணம் மைனியின் சீமாட்டி. இந்தமுறை ஆறு வீடு முன்னாலிருந்து! ஆத்திமுத்து வீட்டுக்கு ஓடினாள். அவர் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ராசா வாசலிலேயே வேலையை முடித்துவிட்டுக் காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"தெருவே கொண்டுபோய் விட்டுட்டு வருதுல்லா? பெறகு நான் எதுக்கு மூட்டுவலியோட ஆறு வீடு நடக்கணும்? நல்ல ஏற்பாடுதான் பண்ணிருக்க நீ."

தெரு முழுக்க அதே கணக்கைப் போட்டிருந்தது. தளம் ஆறு வீடு பின்னால் போகும் என்று தெரிந்ததும் எல்லோரும் தங்கள் வாசலிலேயே நாயை விட்டார்கள். தவணையில் ஐந்து நாள் போய்விட்டது. கருப்பட்டி அவள் முழங்காலில் மூக்கைத் தேய்த்தது. அதன் கழுத்துப்பட்டையில் ஆய்வாளர் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் ஏற்றுமதிச் சீட்டு தொங்கியது.

பிழை நாயிடமும் இல்லை, தளத்திலும் இல்லை. நாற்பத்தெட்டு என்ற எண்ணில் இருந்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மனிதர்கள் அதிலிருந்து தப்பிக்க ஒரு கழித்தல் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆகவே எண்ணே தெரியக்கூடாது, தனக்கும் தெரியக்கூடாது. வளையத்தின் வெளிச்சுவரில் விண்வெளித் துகள்கள் மோதுவதை எண்ணும் மானி ஒன்று உண்டு. அடுத்த துகள் எப்போது மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மானியை மோட்டாரோடு இணைத்தாள். எத்தனை மீட்டர், முன்னாலா பின்னாலா, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இனி துகள்களின் விருப்பம். அதையும் சங்கத்தில் சொன்னாள்.

ஆறாம் நாள் ஆத்திமுத்து போட்ட வாழைத்தோல் பதினான்காம் எண் வீட்டுக்குப் போய், மதியம் அங்கிருந்து திரும்பி அவர் பூஜையறை ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. கூடவே இரண்டு நாய்களின் உபயம். ஏழாம் நாள் காலை, நாய் உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் பையோடு குனிந்தார்கள். சொர்ணம் மைனி எவரோ போட்ட கூழ் உறையை எடுத்துக் குப்பைக்குழலில் தள்ளுவதைப் பியூலாவே பார்த்தாள்.

"யாரு போட்டதோ மைனி, நீங்க ஏன் எடுக்கிய?"

"போட்டவன் யாரா இருந்தா என்னட்டி? வந்து நிக்கப்போறது என் வாசல்லன்னா?"

பத்தாம் நாள் இனாயத்துல்லா வந்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டரையும் குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றிவந்தார். ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை. கருப்பட்டியின் கழுத்திலிருந்த சீட்டைத் தன் கையாலேயே கழற்றினார்.

"அபாரம்மா. இன்னிக்கு எத்தனை மீட்டர் நகர்ந்துது?"

பியூலா இருபக்கமும் பார்த்துவிட்டு அவரைத் தளத்தின் அடியறைக்கு அழைத்துப் போனாள். நாலு தாழ்களும் போட்டிருந்தன.

"எட்டாம் நாளே பூட்டிட்டேன் சார். மோட்டார் ரொம்ப மின்சாரம் தின்னுது."

"மக்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. தெரு நகருதா இல்லையான்னு பாக்கணும்னா யாராவது ஒருத்தர் அதுல எதையாவது போடணும். போட்டா யாரு வாசலுக்கு வருமோன்னு பயம். தளத்துல ஒரு கோடு கிழிக்கக்கூட ஆள் இல்ல."

"அப்ப உண்மை தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். உங்க நாய்க்கு மட்டும் வசதி!" என்று அவர் சிரித்தார்.

பியூலா சிரிக்கவில்லை. அன்று காலைதான் வேலைக்கு நேரமாகிவிட்டது. இருபத்துமூன்றாம் எண் வாசலில் கருப்பட்டி உட்கார்ந்தது. தெரு நகராது என்று அவளுக்குத் தெரியும். விட்டுப்போனால் அது அங்கேயேதான் கிடக்கும். மாலைவரை கிடந்தால் தெரு நகரவில்லை என்று மைனிக்குத் தெரிந்துவிடும். மைனிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் ஒருமுறை குனிந்த இடத்தில் அவள் இருமுறை குனிந்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் வந்தாள்.

மற்ற வளையங்களிலும் இதே தொல்லை இருந்ததால் செய்முறையை எழுதித்தரும்படி ஆய்வாளர் படிவத்தை நீட்டினார். 'தீர்வு' என்ற கட்டத்தில் பியூலா எழுதினாள்:

"தெருத்தளம் எந்த நேரமும், எந்தத் திசையிலும், எத்தனை மீட்டரும் நகரும் என்று குடியிருப்பவர்களிடம் அறிவிக்கவும். இரண்டு நாள் நகர்த்திக் காட்டவும். பிறகு தளத்தைப் பூட்டிவிடவும்."